கஹமார்க்காவில் விழுந்த புத்தகம்: இன்கா வரலாற்றை எழுதியவர்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பெருவின் வடக்கு மலைநாட்டில், ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கஹமார்க்கா. 1532 நவம்பர் 16 அன்று மாலை, அந்த ஊரின் சதுக்கத்துக்கு இன்கா அரசர் அதாவல்பா பல்லக்கில் வந்து சேர்ந்தார். சுற்றியிருந்த நீண்ட கட்டடங்களுக்குள் பிரான்சிஸ்கோ பிசாரோவின் ஆட்கள் 168 பேர் பதுங்கியிருந்தார்கள். அரசரைப் பார்க்க வெளியே வந்தவர் ஒரே ஒருவர்: வின்சென்ட் தெ வால்வெர்டே என்ற டொமினிக்கன் பாதிரியார். கையில் சிலுவையும் ஒரு புத்தகமும். கூடவே, மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பையன்.

சற்று நேரத்தில் அந்தப் புத்தகம் தரையில் கிடந்தது. பாதிரியார் திரும்பி ஓடினார். பீரங்கி வெடித்தது, குதிரைகள் பாய்ந்தன. இருட்டுவதற்குள் அரசர் கைதியாகிவிட்டார்.

புத்தகம் எப்படித் தரைக்கு வந்தது? இந்தச் சின்னக் கேள்விக்கு அடுத்த 80 ஆண்டுகளில் எழுதப்பட்ட பதில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். யார் பொய் சொன்னார்கள் என்று கண்டுபிடிப்பதைவிட, ஏன் அவரவருக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது என்று பார்ப்பது அதிகப் பலன் தரும் என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டம். 1513ல் ஸ்பானிய அரசவையின் சட்ட அறிஞர் பலாசியோஸ் ரூபியோஸ் ஓர் அறிவிப்பை எழுதிக் கொடுத்திருந்தார். புதிய நிலத்தில் இறங்கும் படை அங்குள்ள மக்களுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். திருச்சபையையும் ஸ்பானிய அரசையும் ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்தால் அதனால் வரும் சாவுக்கும் நாசத்துக்கும் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். கேட்பவருக்கு அந்த மொழி புரிகிறதா என்பதைப் பற்றிச் சட்டம் அலட்டிக்கொள்ளவில்லை. ஆக, அதாவல்பா வேதப் புத்தகத்தைத் தானே வீசி எறிந்திருந்தால் அது மறுப்பு. தொடர்ந்தது நியாயமான போர். அது தவறி விழுந்திருந்தால், நடந்தது வெறும் படுகொலை. புத்தகம் விழுந்த விதத்தில் ஒரு நாட்டின் பட்டாவே தொங்கிக்கொண்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சாட்சிகளைக் கேட்க வேண்டும்.

சதுக்கத்தில் இருந்தவர்கள்

பிசாரோவின் செயலாளர் பிரான்சிஸ்கோ தெ ஹெரெஸ். அதாவல்பாவின் மீட்புத்தொகையில் தன் பங்கோடு ஊர் திரும்பி, 1534ல் செவில்லில் தன் நூலை அச்சிட்டார். அவர் சொல்வது: அதாவல்பாவுக்குப் புத்தகத்தைத் திறக்கத் தெரியவில்லை, உதவிக்குக் கை நீட்டிய பாதிரியாரின் கையைத் தட்டிவிட்டார், தானே திறந்தார், எழுத்தையும் தாளையும் பார்த்து வியக்கவில்லை, ஐந்தாறு அடி தள்ளிப் போய் விழும்படி வீசினார். எவ்வளவு நுணுக்கமான வர்ணனை பாருங்கள். நீதிமன்றத்தில் சொல்வதற்கென்றே தயாரித்தது போல இருக்கிறது. ஹெரெஸ் பிழைப்பே அதுதான்: அதிகாரபூர்வ அறிக்கை எழுதுவது. சதுக்கத்தில் 2,000 பேர் இறந்து கிடந்ததாகவும் அவர் கணக்குச் சொல்கிறார்.

ஆனால் ஹெரெஸும் சரி, பிசாரோவின் தம்பி எர்னாந்தோ 1533ல் எழுதிய கடிதமும் சரி, வேறொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றன. வரும் வழியில் நீங்கள் என் ஊர்களில் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கும்வரை இங்கிருந்து நகர மாட்டேன் என்று அதாவல்பா சொன்னாராம். அதாவது அரசருக்கு அது மதப் பேச்சே இல்லை, களவுப் புகார். தங்களுக்கு எதிரான வாக்குமூலத்தைத் தாங்களே பதிவு செய்கிறோம் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை. எழுதுபவரின் சார்பு எல்லாவற்றையும் சலித்துவிடுவதில்லை. தனக்கு முக்கியமாகப் படாத இடத்தில் அது அசந்துவிடும். அந்த மாதிரி இடங்களில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பெத்ரோ பிசாரோ இன்னொரு வகை. பிசாரோவின் உறவுக்காரப் பையனாக அன்று அங்கே இருந்தவர், அரேகிப்பாவில் குடியேறி, 1571ல் வயதான காலத்தில் எழுதினார். பதுங்கியிருந்த ஸ்பானியர் பலர் பயத்தில் தங்களை அறியாமலே சிறுநீர் கழித்ததைத் தான் பார்த்ததாக அவர் எழுதுகிறார். ஹெரெஸின் அறிக்கையில் இது கிடையாது, இருக்கவும் முடியாது. வீரத்தை நிரூபித்துப் பரிசு வாங்க வேண்டிய அவசரம் தீர்ந்து 40 ஆண்டு ஆன மனிதர்தான் இதை எழுத முடியும். இருவரும் ஒரே படை, ஒரே மொழி, ஒரே தாய்நாடு. மாறியது எழுதிய காலமும் தேவையும்தான்.

சிந்திய சிச்சா

இன்கா பக்கத்தில் தித்து குசி யுபாங்கி. இன்கா தலைநகரான குஸ்கோ பறிபோன பிறகு வில்கபம்பாக் காட்டுக்குள் தனி அரசு நடத்திய மாங்கோ இன்காவின் மகன். அதாவல்பாவுக்குத் தம்பி மகன் முறை. அவர் 1570ல் வாய்மொழியாகச் சொல்ல, மார்கோஸ் கார்சியா என்ற பாதிரியார் ஸ்பானியத்தில் ஒழுங்குபடுத்த, மார்த்தின் பாந்தோ என்ற எழுத்தர் எழுதினார். பெருவில் ஆளுநராக இருந்த லோப்பே கார்சியா தெ காஸ்திரோ வழியாக ஸ்பானிய மன்னருக்குப் போகவேண்டிய ஆவணம் அது. இந்தக் காஸ்திரோவின் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

தித்து குசியின் கதையில் புத்தகத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வருகிறது. தன்னைப் பார்க்க வந்த ஸ்பானியருக்கு அதாவல்பா தங்கக் கிண்ணத்தில் சிச்சா கொடுத்தார். சிச்சா என்பது மக்காச்சோளத்தில் காய்ச்சும் மது. வாங்கியவர் அதைக் குடிக்காமல் தரையில் கொட்டிவிட்டார். அப்புறம் கடிதமோ புத்தகமோ ஏதோ ஒன்றை நீட்டி, இது கடவுளின், மன்னரின் எழுத்து என்றார்கள். மதுவைக் கொட்டிய கோபத்தில் இருந்த அதாவல்பா அதை வீசினார்.

ஆந்திய மலைநாட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஜோடிக் கிண்ணங்களில் குடிப்பது உறவுக்கான ஒப்பந்தம். அதைத் தரையில் ஊற்றுவது முகத்தில் துப்புவதற்குச் சமம். ஆக இந்தக் கணக்கில் முதலில் மறுத்தவர் ஸ்பானியர். அதாவல்பா செய்தது பதிலுக்குப் பதில். ஹெரெஸ் கட்டிய சட்டப் புள்ளியை இன்கா வழக்கத்தை வைத்தே தித்து குசி தலைகீழாகத் திருப்புகிறார். பத்தாயிரம் பேரில் இருநூறு பேர்தான் தப்பினார்கள் என்றும் சொல்கிறார்.

அதே சமயம் தித்து குசிக்கு அதாவல்பா மீது பாசம் ஒன்றும் கிடையாது. அதாவல்பா, அரியணைக்காக அவரோடு சண்டையிட்ட சகோதரர் வாஸ்கார் இருவருமே முறையான வாரிசுகள் அல்ல, என் அப்பா மாங்கோதான் வாரிசு என்கிறார். ஸ்பானிய அரசோடு பேரம் நடந்துகொண்டிருந்த நேரம். அரசுரிமை தன் கிளைக்கு வர வேண்டும். பெரியப்பாவுக்கு நடந்த அவமானம் வேண்டும், பெரியப்பாவின் அரியணை உரிமை வேண்டாம்.

இந்த இடத்தில் என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரின் பின்னணி என்றதும் நாம் பிறப்பைத்தான் முதலில் பார்க்கிறோம்: ஸ்பானியனா, இன்காவா, கலப்பா. இந்த வழக்கில் அது பாதி தூரம்கூடப் போவதில்லை. 16ஆம் நூற்றாண்டின் பெரு நூல்களில் பெரும்பாலானவை வரலாறு என்ற பெயரில் எழுதப்பட்ட மனுக்கள். யாரிடம், எதைக் கேட்டு, யார் வாயால் கேட்டதை வைத்து எழுதினார் என்பதுதான் பிறப்பைவிட அதிகம் பேசுகிறது.

மொழிபெயர்ப்பாளரின் கோபம்

இதற்கு கார்சிலாசோ தெ லா வேகாவைவிட நல்ல சாட்சி கிடையாது. 1539ல் குஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஸ்பானியக் கேப்டன். அம்மா சிம்பு ஒக்யோ, அரசர் துபாக் இன்கா யுபாங்கியின் பேத்தி. பின்னாளில் அப்பா ஒரு ஸ்பானியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அம்மாவுக்கு வேறு திருமணம் நடந்தது. மாமாக்கள் அம்மா வீட்டில் கூடி பழைய அரசை நினைத்து அழுததைக் கேட்டு வளர்ந்த பையன், 1560ல் ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார். பிறகு பெருவைப் பார்க்கவே இல்லை.

மாட்ரிடில் அவர் கேட்டது சாதாரணமான ஒன்று: அப்பாவின் சேவைக்கான பரிசு. ஸ்பெயினின் அமெரிக்க நிலங்களை நிர்வகித்த இந்தியாக்களுக்கான மன்றத்தில் ஓர் அதிகாரி மறித்தார். 1547ல் ஹுவாரினா போரில் உன் அப்பா கலகக்காரன் கொன்சாலோ பிசாரோவுக்குத் தன் குதிரையைக் கொடுத்துக் காப்பாற்றினாரே, வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்களே, அதை நீ மறுக்கப் பார்க்கிறாயா என்று கேட்டார். அந்த அதிகாரிதான் லோப்பே கார்சியா தெ காஸ்திரோ. பெருவுக்கு ஆளுநராகப் போகும் முன்பு நடந்தது இது. ஒரு மனுவைத் தள்ளிவிட்டுப் போனவர், திரும்பும்போது தித்து குசியின் மனுவுக்குத் தூதராகிறார். கதை எழுதுபவர் இப்படி அமைத்தால் நம்ப மாட்டோம்.

யோசித்துப் பாருங்கள்: அச்சான ஒரு வரி ஒருவரின் சொத்தையும் அப்பாவின் மானத்தையும் பறித்துவிட்டது. இனி அவர் என்ன செய்வார்? தானே எழுதத் தொடங்குவார். 1609ல் லிஸ்பனில் வந்த அவருடைய இன்கா வரலாற்றின் பெயரிலேயே 'விளக்கவுரை' என்ற சொல் இருக்கிறது. ஸ்பானியர் எழுதியதற்கு உரை எழுதுகிறேன், அவர்களுக்கு மொழி புரியாததால் வந்த பிழைகளைத் திருத்துகிறேன் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேடம். அதற்கு முன் 1590லேயே லியோன் எப்ரேயோவின் காதல் உரையாடல்களை இத்தாலியத்திலிருந்து ஸ்பானியத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளர்.

கஹமார்க்காவை அவர் எப்படி எழுதினார் என்று இப்போது நாமே ஊகித்துவிடலாம். குற்றவாளி மொழிபெயர்ப்பாளன்தான்! ஃபெலிப்பில்லோ என்ற பையனுக்கு இன்கா மொழியும் சரியாகத் தெரியாது, ஸ்பானிய மொழியும் சிப்பாய்களிடம் கற்றது. மூவொரு கடவுளை விளக்கப் போய், 'கடவுள் மூன்று, ஒன்று, ஆக நான்கு' என்று கூட்டிச் சொன்னானாம். அரசர் புத்தகத்தை எறியவே இல்லை. கூச்சலைக் கேட்டுப் பதறி எழுந்த பாதிரியாரின் மடியிலிருந்து அது நழுவி விழுந்தது. இதற்கு பிளாஸ் வலேரா என்ற கலப்பினப் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியை ஆதாரம் காட்டுகிறார். 1596ல் ஆங்கிலேயர் காதிஸ் நகரைச் சூறையாடியபோது கிழிந்து பாதியாகிப்போன பிரதி அது.

நழுவி விழுந்தது என்ற பதிலால் யாருக்கு என்ன லாபம்? வேதத்தை அவமதித்தவர் இன்கா இல்லை. வேண்டுமென்று கொன்றவர் ஸ்பானியரும் இல்லை. அம்மா வழி, அப்பா வழி இரண்டும் தப்பித்துவிடுகின்றன. பழி ஒரு கடலோரப் பையன் தலையில். இதைப் படித்துவிட்டு கார்சிலாசோ மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வீட்டுச் சண்டையில் நடுவில் நின்ற பிள்ளை வேறு எதைச் சொல்ல முடியும்.

ஆனால் அவர் விட்டுவிட்டவை சின்ன விஷயங்கள் இல்லை. இன்காக்கள் நரபலி கொடுக்கவே இல்லை என்று சாதித்தார். 1999ல் அர்ஜென்டினாவின் யுயாயியாக்கோ எரிமலை உச்சியில், 6,700 மீட்டருக்கு மேல், பலியிடப்பட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் உறைந்து கிடைத்தன. அதாவல்பா என்று வந்துவிட்டால் கார்சிலாசோவின் மென்மை எல்லாம் ஆவியாகிவிடும்: கொடுங்கோலன், வாரிசுரிமை இல்லாதவன். காரணம் வீட்டில் இருக்கிறது. அதாவல்பாவின் தளபதிகள் குஸ்கோவைப் பிடித்தபோது துபாக் இன்காவின் வம்சத்தாரைத் தேடித்தேடிக் கொன்றார்கள். அவருடைய பாடம் செய்த உடலைக்கூட எரித்தார்கள். அது கார்சிலாசோவின் அம்மாவின் குடும்பம். நாம் பொதுவாக 'இன்கா தரப்பு' என்று ஒன்றைச் சொல்கிறோமே, அப்படி ஒன்று இருந்ததே இல்லை. குடும்பங்கள்தான் இருந்தன.

பின்கதை ஒன்று: 1780ல் இரண்டாம் துபாக் அமாரு கிளர்ச்சி செய்து அடக்கப்பட்ட பிறகு, 1782ல் ஸ்பானிய அரசு கார்சிலாசோவின் நூல் பிரதிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. சமாதானம் பேச எழுதிய நூல் கலகத்துக்கு எண்ணெய் ஆகிவிட்டது.

குவாமன் போமா தெ அயாலா இதற்கெல்லாம் நேரெதிர். இன்காக்கள் வருவதற்கு முன்பே ஆண்ட யாரோவில்கா வம்சம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். கலப்பினத்தவரைக் கண்டாலே பிடிக்காது. ஒரு நிலத் தகராறில் தோற்று, 1600ல் சாட்டையடித் தண்டனையும் நாடு கடத்தலும் விதிக்கப்பட்டவர். மன்னர் மூன்றாம் பிலிப்புக்கு 1,189 பக்கத்தில், 398 படங்களோடு, 1615 வாக்கில் ஒரு கடிதம் எழுதி முடித்தார். மன்னர் அதைப் படித்ததற்குத் தடயம் இல்லை. கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கிடந்து 1908ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அவருடைய அதாவல்பா புத்தகத்தை வாங்கிப் பார்த்து, இது ஏன் என்னோடு பேசவில்லை என்று கேட்டுவிட்டு எறிகிறார். எழுத்தை மட்டுமே நம்பி, அது பேசும், மன்னர் காதில் விழும் என்று வாழ்நாளைச் செலவழித்த ஒரு மனிதர் இந்தக் காட்சியை எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது.

மனைவி சொன்னதும் வைஸ்ராய் சொன்னதும்

பிறப்பால் ஸ்பானியர், ஆனால் இன்கா வீட்டுக்குள் இருந்து எழுதியவர் ஹுவான் தெ பெதான்சோஸ். அவர் மனைவி தோன்யா ஆஞ்செலினா. இயற்பெயர் குசிரிமாய் ஒக்யோ. அதாவல்பாவுக்கு மனைவியாக நிச்சயிக்கப்பட்டவர், பிறகு பிசாரோவோடு வாழ்ந்து இரு பிள்ளைகள் பெற்றவர், பிசாரோ கொல்லப்பட்ட பின் பெதான்சோஸை மணந்தவர். பெதான்சோஸின் 1551ஆம் ஆண்டு நூலில் பேரரசர் பச்சகுத்தியின் புகழ் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஆஞ்செலினா பச்சகுத்தியின் வழிவந்தவர். பகை இனமான சாங்காக்களின் படையை விரட்டி குஸ்கோவைக் காத்தவர் பச்சகுத்தி என்கிறார் பெதான்சோஸ். இல்லை, அவர் அப்பா விராக்கோச்சா என்கிறார் கார்சிலாசோ. அதாவல்பாவின் அம்மா குஸ்கோ அரச குலம் என்கிறார் பெதான்சோஸ். வடக்கே இருக்கும் கித்தோவைச் சேர்ந்தவர் என்கிறார் கார்சிலாசோ.

புத்தகக் காட்சியும் அந்த வீட்டு வாசனையோடு வருகிறது. பாதிரியார் சூரியனின் மகன் என்று இந்த ஓவியத்தில் இருக்கிறது என, புத்தகத்தைக் காட்டி மொழிபெயர்ப்பாளன் சொல்கிறான். இது பேசி, நீ சூரியனின் மகன் என்கிறதா? நானும் சூரியனின் மகன்தான் என்று சொல்லி அதாவல்பா அதை எறிகிறார். இங்கே சட்டமும் இல்லை, களவும் இல்லை. இரண்டு சூரியகுமாரர்களுக்குள் யார் பெரியவர் என்ற போட்டி. அரண்மனைப் பெண்கள் பேசிக்கொண்டது இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நூலின் 18 அத்தியாயங்கள்தான் நெடுங்காலம் தெரிந்திருந்தன. முழுப் பிரதி மயோர்க்காவில் கிடைத்து 1987ல்தான் அச்சானது. ஒரு பெண்ணின் குடும்ப நினைவு வரலாற்றுக்குள் வர நானூறு ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

பெத்ரோ சார்மியெந்தோ தெ காம்போவா விஷயத்தில் ஊகிக்க ஒன்றும் இல்லை. கடலோடி, லிமாவில் மதவிசாரணையில் சிக்கியவர், பெருவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோவின் தயவில் இருந்தவர். இன்காக்களும் பிற நாடுகளைப் பிடித்த கொடுங்கோலர்களே, எனவே ஸ்பெயின் யாரிடமிருந்தும் நியாயமான அரசைப் பறிக்கவில்லை என்று காட்டவே தொலேதோ அவரிடம் வரலாறு எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் 1572ல் குஸ்கோவின் 12 அரச குடும்பங்களிலிருந்து 42 பேரை உட்கார வைத்து வாசித்துக் காட்டி, சரி என்று ஒப்புதல் வாங்கினார்கள். அதே ஆண்டு அதே ஊரில் கடைசி இன்கா முதலாம் துபாக் அமாருவின் தலையைத் தொலேதோ வெட்ட வைத்தார். அந்த 42 பேர் எந்த நிலையில் தலையாட்டியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இருந்தும், இன்றைய ஆய்வாளர்கள் சார்மியெந்தோவை ஒதுக்குவதில்லை. போர்கள், பெயர்கள், குடும்பக் கிளைகள் என்று அவர் அடுக்கும் விவரம் வேறெங்கும் கிடைக்காது. கொடுமையை நிரூபிக்க வேண்டியவர் எல்லாப் படையெடுப்பையும் தேடித்தேடிச் சேர்த்தார். அந்தக் குடும்பங்களும் தங்கள் முன்னோரின் வெற்றிகளைப் பெருமையோடு சொல்லியிருப்பார்கள். குற்றப் பட்டியல் என்று அவர் எழுதியதை அவர்கள் புகழ்ப் பட்டியலாகக் கேட்டிருக்கலாம். எடை போடும்போது பாத்திரத்தின் எடையைக் கழிப்பது போல, ஒருவரின் சார்பைக் கழித்துவிட்டு மிச்சத்தை உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சார்பு இல்லாவிட்டால் இந்த விவரமே சேர்ந்திருக்காது.

மனு போடாதவர்கள்

பிற்காலத்து ஆசிரியர்களுக்கு மன்னரிடம் கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. சிலரைச் சொல்கிறேன், எல்லோரையும் அல்ல.

கார்சிலாசோவையும் சார்மியெந்தோவையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன கிளெமென்ட்ஸ் மார்க்கமை நமக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். 1860ல் பெருவிலிருந்து, உள்ளூர் எதிர்ப்பை மீறி, மலேரியா மருந்தான கொய்னா தரும் சின்கோனாச் செடிகளை எடுத்துக்கொண்டு நீலகிரிக்கு வந்தவர் அவர்தான். தொட்டபெட்டா, நடுவட்டம் கொய்னாத் தோட்டங்களின் தொடக்கம் அந்தப் பயணம். இன்கா ஆட்சியை மனதார நேசித்தவர், தொலேதோவைக் கடுமையாகச் சாடியவர். ஸ்பானியப் பேரரசின் அநியாயம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தான் எந்தப் பேரரசுக்காகச் செடி எடுத்துப்போனாரோ அதைப் பார்க்கும்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

1928ல் ஒரு வேடிக்கை நடந்தது. பாரிஸில் லூயி போதேன் என்ற தாராளவாதப் பொருளியலாளர் இன்காக்களைச் சோஷலிசப் பேரரசு என்று எழுதினார். மனிதனை எந்திரமாக்கிய அமைப்பு என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அதே ஆண்டு லிமாவில் மார்க்சியர் ஹோசே கார்லோஸ் மரியாதெகி, ஆந்தியக் கிராமக் கூட்டுவாழ்வில் இன்காப் பொதுவுடைமை இன்னும் உயிரோடு இருக்கிறது, பெருவின் எதிர்காலத்துக்கு அதுவே விதை என்று எழுதினார். இருவர் கையிலும் கிட்டத்தட்ட அதே பழைய நூல்கள். இருவரும் பேசியது ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய தங்கள் காலத்தைப் பற்றி.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது டாம் ஸைடெமா. நெதர்லாந்துக்காரர், இந்தோனேசியாவில் காலனி நிர்வாகப் பணிக்காக லைடனில் படித்துக்கொண்டிருந்தார். இந்தோனேசியா விடுதலை பெற்றதும் அந்த வேலையே இல்லாமல் போயிற்று. ஆந்திய ஆய்வுக்குத் தாவினார். இந்தோனேசியக் குலங்களை ஆராய லைடனில் கற்ற அதே முறையோடு, 1964ல் வந்த தன் நூலில் குஸ்கோவைப் பார்த்தார். இன்கா அரசர் பட்டியல் ஒருவர் பின் ஒருவராக ஆண்டவர்களின் வரிசையே அல்ல, நகரத்தின் சமூகப் பிரிவுகளுக்கு வைத்த பெயர்கள் என்றார். மறுபக்கம் கலிபோர்னியாவில் ஜான் ரோ. செவ்வியல் தொல்லியல் படித்தவர். அரசர் பட்டியல் என்றால் அவருக்கு அது அரசர் பட்டியல்தான். 16ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் கபேயோ பல்போவா தந்த ஆண்டுகளை எடுத்து, பச்சகுத்தி அரியணை ஏறியது 1438 என்று 1940களில் நிறுவினார். பள்ளிப் பாடநூல்கள் இன்றும் அதையே சொல்கின்றன. 2021ல், பச்சகுத்தி கட்டியதாகக் கருதப்படும் மச்சு பிச்சுவின் எலும்புகளில் செய்த கதிரியக்கக் கரிமச் சோதனை, 1420 வாக்கிலேயே அங்கே ஆட்கள் இருந்ததைக் காட்டியது. ரோ ஓரளவு சறுக்கினார். அதனால் ஸைடெமா வென்றுவிட்டார் என்றும் ஆகாது.

ஜான் முர்ரா ஒடெசாவில் பிறந்து, ருமேனியாவில் வளர்ந்து, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் சண்டையிட்டுக் காயம்பட்டவர். அந்தப் பழைய இடதுசாரித் தொடர்பால் அமெரிக்கக் குடியுரிமைக்கு அல்லாட வேண்டியிருந்தது. அரசர்களை விட்டுவிட்டு, 1560களில் ஸ்பானிய அதிகாரிகள் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்புகளைப் படித்தார். ஒரு கிராமத்தார் உயர மேய்ச்சலில் லாமாவும், நடுச்சரிவில் உருளைக்கிழங்கும், கீழே சூடான பள்ளத்தாக்கில் கோகாவும் என்று ஒரே சமயத்தில் பல உயரங்களில் ஆட்களை வைத்து, சந்தையே இல்லாமல் வாழ்ந்ததை 1972ல் காட்டினார். பின்னணி கண்ணை மறைக்கும் என்றுதான் பேசுகிறோம். முர்ராவுக்கு அது கண்ணைத் திறந்துவிட்டது.

மரியா ரொஸ்ட்வொரோவ்ஸ்கி இதற்கு ஒரு திருத்தம் போட்டார். போலந்துத் தந்தைக்கும் பெருத் தாய்க்கும் லிமாவில் பிறந்தவர், பட்டம் வாங்காமலே வரலாற்று ஆசிரியர் ஆனவர். பத்திரங்களும் வழக்குக் கட்டுகளும்தான் அவர் களம். கடற்கரைச் சிஞ்சாவில் வணிகர்கள் இருந்தார்கள், எல்லாவற்றையும் மலையிலிருந்து பார்க்காதீர்கள் என்றார். 'பேரரசு' என்ற சொல்லே ஐரோப்பியச் சட்டை என்று தவிர்த்து, இன்காக்கள் தங்கள் நாட்டுக்கு வைத்த தவாந்தின்சுயு என்ற பெயரிலேயே எழுதினார். வால்டெமார் எஸ்பினோசா சொரியானோ கஹமார்க்கா மண்ணில் பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில், தேசியப் பெருமை பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வாங்கா இனத் தலைவர்களின் மனுக்களை வெளியிட்டார். ஸ்பானியருக்குத் தாங்கள் கொடுத்த ஆட்கள், லாமாக்கள், தானியம் எல்லாவற்றையும் கிப்பு முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்திருந்து, 1558லும் 1561லும் லிமா நீதிமன்றத்தில் ஒப்பித்தவர்கள் அவர்கள். இன்கா வீழ்ச்சியில் அவர்களுக்கு வருத்தம் இல்லை. பாக்கி வரவில்லை என்பதே வருத்தம்.

மிச்சமிருக்கும் ஒரு சாட்சி

சதுக்கத்தில் இரண்டு பக்கமும் பேசியது காதில் விழுந்து புரிந்தவன் ஒருவன்தான். அது யார் என்பதிலேயே ஒற்றுமை இல்லை: ஃபெலிப்பில்லோ என்பார்கள், மார்த்தினில்லோ என்பார்கள். இருவருமே ஸ்பானியர் கையில் சிக்கிய சிறுவர்கள். ஃபெலிப்பில்லோவை, துரோகம் செய்தான் என்று சொல்லி, சிலி படையெடுப்பின்போது 1536ல் பிசாரோவின் கூட்டாளி அல்மாக்ரோ கொன்றார். மார்த்தினில்லோ தோன் மார்த்தின் பிசாரோ என்ற பெயரில் நிலமும் ஆட்களும் பெற்று வாழ்ந்து, கடைசியில் செவில்லில் இறந்தார். அந்த மாலையைப் பற்றி இருவரில் யாரும் நூல் எழுதவில்லை.

குவாமன் போமாவின் படத்தில் அவன் இருக்கிறான். நடுவில் உயரமான பீடத்தில் அதாவல்பா. கீழே வால்வெர்டே சிலுவையும் புத்தகமுமாக மண்டியிட்டிருக்கிறார். பக்கத்தில் பிசாரோவும் அல்மாக்ரோவும். அல்மாக்ரோ அன்று அந்த ஊரிலேயே இல்லை, சில மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். ஓரத்தில் நிற்கும் பையன் மேல் 'ஃபெலிப்பே, மொழிபெயர்ப்பாளன்' என்று எழுதியிருக்கிறது. புத்தகம் இன்னும் பாதிரியார் கையில்தான் இருக்கிறது.